விளக்கு வெளியே இருக்கும்

தேசப்பா,

நீ போனை எடுக்க மாட்டாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். எடுத்தாலும் நான் அழுவேன், நீ "சிக்னல் இல்லம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். எங்கே சிக்னல் இருக்கும், எங்கே இருக்காது என்று எனக்குத் தெரியாதா? காசிமேட்டில் இத்தனை வருஷம் மீன் ஏலம் கூவியவள் நான். தொண்டையை வைத்துப் பிழைத்தவளுக்குப் பேனா பிடிக்கக் கை வரவில்லை. பத்தாவது வரை படித்தது இப்படி ஒரு கடிதம் எழுதத்தான் என்று அப்போதே தெரிந்திருந்தால், ஸ்லேட்டைக் கடலில் போட்டிருப்பேன். இதை நம் பேட்டையில் வருகிற அந்தச் சின்னப் பத்திரிகையில் போடச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். ஊரே படிக்கட்டும். ஊர் படித்தால் எவனாவது உன் போனுக்கு அனுப்புவான், நீயும் படிப்பாய். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஊர் படிக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உன் தம்பி முகிலன் செத்ததற்கு நீதான் காரணம் என்று ஊர் பேசுகிறது. மணலில் கூடாரம் போட்டுத் தங்கிய இடத்தில், எரிகிற விளக்கைக் கூடாரத்துக்குள் வைத்து மூடியவன் நீ என்று பேசுகிறது. நீயும் "ஆமா, நான்தான்" என்று சொல்லிவிட்டு, மங்களூர் பக்கம் எவனோ ஒருவன் படகுக்கு வேலைக்குப் போய்விட்டாய். விளக்கை உள்ளே வைக்கச் சொன்னது யார் என்பதை மட்டும் நீ ஒருத்தரிடமும் சொல்லவில்லை. அதை நான் சொல்கிறேன். நான்தான் சொன்னேன். போனில், ஏலம் கூவுகிற அதே குரலில், உன்னைப் பேசவே விடாமல் சொன்னேன்.

படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டும், அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள். உன் அப்பா அப்போது விசைப்படகு ஓட்டிக்கொண்டிருந்தார். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் படகு துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும், உன் அப்பா வீட்டில் கட்டிக் கிடப்பார். கடலுக்குப் போகாத ஆம்பிளையை வீட்டில் வைத்துக்கொள்வதைப் போல ஒரு பேஜாரு உலகத்தில் கிடையாது. குழம்பில் உப்பு அதிகம் என்பார், ஃபேன் சத்தம் அதிகம் என்பார், நான் பேசுவது அதிகம் என்பார். ஒரு வருஷம் எனக்குப் பொறுக்கவில்லை. "யோவ், எங்கியாவது போய்த் தொலையேன்யா. புள்ளைங்களையும் இட்டுக்கினு போ" என்று கத்தினேன். அப்படி ஆரம்பித்ததுதான் நம் தங்கல். ஆறு கடலில் சேருகிற முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் வடக்கே நீளமாக மணல் கிடக்கிறதே, அங்கே சின்னப் படகில் போய், துடுப்புகளை நட்டு, தார்ப்பாயை இழுத்துக் கட்டி, இரண்டு மூன்று நாள் கிடந்துவிட்டு வருவது. நீங்கள் மூன்று பேரும் போய் என்னத்தைத் தின்பீர்கள் என்று கடைசி நேரத்தில் நானும் சட்டிப் பானையோடு படகில் ஏறினேன். அதற்குக் 'கேம்ப்பிங்' என்று ஒரு பேர் உண்டு என்பதே பிற்பாடு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நம்மூரில் இருட்டு கிடையாது. ஒரு பக்கம் மின் நிலையத்துப் புகைபோக்கிகளின் சிவப்பு விளக்கு, இன்னொரு பக்கம் துறைமுகத்து விளக்கு, நடுவில் லாரி விளக்கு. மணலுக்குப் போனால்தான் கொஞ்சம் இருட்டைக் கண்ணால் பார்க்கலாம். முதல் தடவை ஒரு டார்ச் மட்டும் கொண்டுபோனோம். அது தண்ணீரில் விழுந்து செத்தது. அடுத்த தடவை உன் அப்பா சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் பழைய சாமான் குவியலைக் கிளறி, ஒரு அரிக்கேன் விளக்கும் ஒரு கேஸ் லைட்டும் கொண்டுவந்தார். பேர்தான் கேஸ் லைட்டு, ஊற்றுவது மண்ணெண்ணெய். துணிப் பை மாதிரி இருக்கிற மேண்டிலைக் கட்டி, கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்ற வைத்து, சூடேறியதும் பம்ப் அடித்தால் புஸ்ஸென்று சீறிக்கொண்டு வெள்ளை வெளேரென்று எரியும். பம்ப் அடிப்பது உன் வேலை. "போதும் நைனா, வெடிச்சிடப் போவுது" என்று உன் அப்பா பிடுங்கும்வரை அடிப்பாய். முகில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒருநாள், "எப்பா, இந்த வெளக்கு அம்மா மாரியே திட்டிக்கினே கீதுப்பா" என்றான். உன் அப்பா மணலில் உருண்டு உருண்டு சிரித்தார். நான் கரண்டியை ஓங்கினேன், நீ தம்பியை இழுத்து உன் முதுகுக்குப் பின்னால் விட்டுக்கொண்டாய். அவன் எது செய்தாலும் அடி உன் மேல்தான் விழும். அது அப்போதே அப்படித்தான் இருந்தது.

அந்த விளக்குக்கு ஒரே எதிரி காற்று என்று உன் அப்பா சொல்லிக் கொடுத்தார். மேண்டில் ஒருமுறை எரிந்துவிட்டால் வெறும் சாம்பல்தான், பலமாக ஒரு காற்றடித்தால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அதனால் விளக்கு எப்போதும் தார்ப்பாய்க்கு உள்ளேதான். தார்ப்பாயின் ஓரத்தை மணலில் புதைத்து, ஈர மண்ணை அள்ளிப் போட்டு மிதித்து அமுக்க வேண்டும். "எறும்புகூட பூரக் கூடாது, நைனா" என்பார். நீ ஓரம் முழுக்க முழங்காலில் தவழ்ந்து தட்டித் தட்டி அமுக்குவாய். கடற்கரையில் நாம் எதைச் செய்தாலும் காற்றை வெளியே நிறுத்தத்தானே செய்கிறோம்? வலையை மூடுவதும் அப்படி, எஞ்சினை மூடுவதும் அப்படி, காயப்போட்ட கருவாட்டை மூடுவதும் அப்படி. அந்தப் பழைய தார்ப்பாயில் ஆயிரம் ஓட்டை. எவ்வளவு அமுக்கினாலும் மேலே காற்று போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருந்தது. அந்த ஓட்டைகள்தான் நம் நான்கு பேரையும் காப்பாற்றிக்கொண்டிருந்தன என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? ஒருத்தரும் சொல்லவில்லை.

நீ வளர்ந்து, படகு வேலை பிடிக்காமல், அந்தத் தங்கலையே பிழைப்பாக்கிக்கொண்டாய். ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகளைச் சனி ஞாயிறு மணலுக்குக் கூட்டிப் போனாய். நைலான் கூடாரம் வாங்கினாய், ஜிப் போட்டது, நீல நிறம். "பேட்டரி லைட்டெல்லாம் வேணாமாம்மா, பழைய வெளக்குதான் வேணுமாம், போட்டோ எடுக்கவாம்" என்று சொல்லிப் பரணில் கிடந்த கேஸ் லைட்டை இறக்கினாய். புளியந்தோப்புப் பக்கம் தேடி இன்னும் நாலு அரிக்கேன் பிடித்துக்கொண்டு வந்தாய். ஒரு பெண் கேஸ் லைட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதுக்குச் சார்ஜர் எங்க?" என்று கேட்டாளாம். முகில் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தான். பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தவன், லீவு என்றால் உன் பின்னாலேயே ஓடி வந்துவிடுவான். கேஸ் லைட்டின் பம்பில் தோல் வாஷர் தேய்ந்துபோய்க் காற்று ஏறாமல் இருந்ததே, நினைவிருக்கிறதா? கடையில் கிடைக்கவில்லை என்று நீ உட்கார்ந்துவிட்டாய். அவன் தன் பழைய ஸ்கூல் ஷூவின் நாக்கை வட்டமாக வெட்டி, எண்ணெயில் ஊறவைத்துப் போட்டுக் கொடுத்தான். பம்ப் அடித்ததும் புஸ்ஸென்றது. "அம்மா எழுந்துட்டாடா" என்று இரண்டு பேரும் கும்மாளம் போட்டீர்கள். நான் சமையல்கட்டிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

இப்போது அந்த ஐப்பசி மாதத்துச் சாயங்காலம். மழை என்று சொல்லி உன்னிடம் பதிவு செய்தவர்கள் யாரும் வரவில்லை. ஏற்கெனவே போட்டுவைத்த கூடாரங்களை விட்டுவிட்டு வர முடியாது என்று நீயும் தம்பியும் மட்டும் அங்கே இருந்தீர்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு நான் போன் செய்தேன். தூறல் சத்தம் கேட்டது. "முகிலு நனைஞ்சிட்டான்மா, நடுங்கிக்கினு கீறான்" என்றாய். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு மூச்சு இழுப்பு. நம்மூர்ச் சாம்பல் காற்றில் எத்தனை ராத்திரி அவனை மடியில் உட்கார வைத்தே தூங்கவைத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். நான் படபடவென்று ஆரம்பித்துவிட்டேன். "கேஸ் லைட்ட உள்ள கொண்டாந்து வை. சூடு ஏறும். கூடாரத்து மேல தார்ப்பாயப் போடு. சுத்திலும் மண்ண அள்ளிப் போட்டு அமுக்கு. ஒரு பொட்டுக் காத்து பூரக் கூடாது, சொல்ட்டேன்."

நீ உடனே சரி என்று சொல்லவில்லை. இதைத்தான் ஊர் கேட்க வேண்டும். நீ தயங்கினாய். "பொகை அடைச்சிக்கும்மா" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா, ஊர் ஜனங்களே? "கேஸ் லைட்டுல இன்னாடா பொகை? அது இன்னா அரிக்கேனா? பளிச்சுனு எரியிற வெளக்குடா. ரொம்பப் படிச்சவன் மாரி பேசாத. சொன்னதச் செய்" என்றேன். புகை தெரிந்தால்தான் கெடுதல், புகையில்லாமல் வெள்ளையாய் எரிந்தால் நல்ல விளக்கு என்பது என் அறிவு. அரிக்கேன் சிம்னி கறுத்தால் மூக்கைச் சுளித்துக்கொண்டு வெளியே கொண்டுபோய் வைப்பேன், கேஸ் லைட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குவேன். இத்தனை வருஷமும் அப்படித்தானே இருந்தோம்? நீ "சரிம்மா" என்றாய். என்னிடம் எதிர்த்துப் பேசி ஜெயித்தவர்கள் காசிமேட்டிலேயே கிடையாது. நீ மட்டும் எப்படி ஜெயித்திருப்பாய்.

ஆற்றில் தண்ணீர் ஏறி இழுத்துக்கொண்டிருந்ததால் நீ படகைக் காவல் காக்கப் படகிலேயே படுத்தாய். அதனால்தான் நீ இருக்கிறாய். அதற்காக நான் முகத்துவாரத்து அம்மனுக்குக் கும்பிடு போடுகிறேன், நீ அதற்காக உன்னையே திட்டிக்கொள்கிறாய். காலையில் நான் மீன் போடுகிற அன்னக்கூடையோடு ஷேர் ஆட்டோவுக்குப் போகக் கரையில் நடந்துகொண்டிருந்தேன். உன் படகு வருவதைப் பார்த்தேன். எஞ்சினை அவ்வளவு முறுக்கி நீ வந்ததே இல்லை. தம்பியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்திருந்தாய். அவன் முகம் நன்றாகச் சிவந்து தூங்குகிற மாதிரி இருந்தது. அப்பாடா, நன்றாகச் சூடேறித் தூங்குகிறான் என்று நினைத்தேன், தேசப்பா. ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. பிறகுதான் நெற்றியைத் தொட்டேன்.

ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயசு டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னாள். அடைத்த இடத்தில் எரிகிற விளக்கு அங்கிருக்கிற நல்ல காற்றை எல்லாம் தீர்த்துவிடுமாம். பிறகு அரைகுறையாக எரிந்து ஒரு விஷக்காற்றை விடுமாம். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்குகிறவனுக்குத் தெரியவே தெரியாதாம், முகம் சிவந்திருந்ததும் அதனால்தானாம். வெளிச்சம் வெள்ளையிலிருந்து மஞ்சளாக மாறுவதும் சீறுகிற சத்தம் குறைவதும்தான் அடையாளமாம், ஆனால் பார்ப்பதற்கு யார் விழித்திருக்கிறார்கள்? டாக்டரம்மா "கஷ்டப்பட்டிருக்க மாட்டான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் என் கையை உருவிக்கொண்டேன். கஷ்டப்படாமல் சாவதற்கா அவனை நான் இழுப்போடு இழுத்துப் பிடித்து வளர்த்தேன்?

கரையில் நடந்ததை நான் தாண்டிப் போய்விட்டேன் பார். போக முடியாது, திரும்பி வருகிறேன். கூட்டம் கூடிவிட்டது. நான் உன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "யார்றா வெளக்க உள்ள வெச்சது?" என்று கேட்டேன். கேள்வி மாதிரி இருந்தாலும் அது கேள்வி இல்லை. எனக்குப் பதில் தெரியும், உனக்கும் தெரியும். நீ என்னைப் பார்த்தாய். சின்ன வயதில் கரண்டியை ஓங்கும்போது தம்பியை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு நிற்பாயே, அதே மாதிரி நின்றாய். இந்தத் தடவை உன் முதுகுக்குப் பின்னால் தள்ளியது என்னை. "நான்தாம்மா" என்றாய். அந்த நேரம் எனக்கு மூச்சு வந்தது, தேசப்பா. பெற்ற பிள்ளை பிணமாகக் கிடக்கிறான், இன்னொரு பிள்ளை என் பழியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொள்கிறான், எனக்கு மூச்சு வந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

போலீஸ் ஸ்டேஷனில் கேட்டபோதும் அதையே சொன்னாய். போன் வந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. சாவு வீட்டில் எல்லார் முன்னாலும் உன் அப்பா, "இவன் கையால எனக்குக் கொள்ளி வேணாம்" என்று சொன்னபோதும் நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயைத் திறந்திருந்தால் அந்த வார்த்தை உன் மேல் விழாமல் தடுத்திருக்கலாம். திறக்கவில்லை. ஊர் என்னைப் பிள்ளையைத் தின்றவள் என்று சொல்லுமே என்று பயந்தேன். கருமாதி முடிந்த மறுநாள் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு நீ கிளம்பினாய். வாசலில் நின்று "போயிட்டு வரேம்மா" என்றாய். நான் அதற்கும் வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் உன் தோஸ்து கஜா வந்திருந்தான். மங்களூர் பக்கம் ஏதோ வேலையாகப் போனபோது உன்னைப் பார்த்தானாம். எப்படி இருக்கிறான் என்று கேட்டதற்கு, முதலில் நல்லா இருக்கிறான் என்றான். நான் விடுவேனா? பிடித்து உட்கார வைத்துச் சோறு போட்டுக் கேட்டேன். சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டே அழுதுவிட்டான். "யம்மா, அவன் கேபின் உள்ளயே பட்க்கறதில்லம்மா. மழைன்னாலும் வெளியதான் பட்த்துக்கினு கீறான். உள்ள எவனாவது ஸ்டவ் பத்தவெச்சா ஓடிப் போயி கதவத் தெறக்கறான். பசங்கள்லாம் கிண்டல் பண்றானுங்க. லைட்டுகூட போட மாட்டேங்கறாம்மா" என்றான். என் பிள்ளை வெளியே மழையில் படுத்துக் கிடக்கிறான், நான் பழியில்லாமல் வீட்டுக்குள் படுத்திருக்கிறேன்.

மறுநாள் பகலில் உன் அப்பா வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். அரிவாள்மணையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன். "யோவ், வெளக்க உள்ள வெக்கச் சொன்னது நானு. போன்ல. பொகை அடைக்கும்னு அவன் சொன்னான்யா. நான்தான் கேக்கல." உன் அப்பா பின்னுவதை நிறுத்தினார். அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கட்டும் என்றும் நினைத்தேன். வலை ஊசியைக் கீழே வைத்தார். பிறகு, "மண்ணு போட்டு அமுக்கச் சொல்லிக் குடுத்தது ஆரு?" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "நானுமே. இம்மாத்தூண்டு வயசுலேந்து எறும்பு பூரக் கூடாதுன்னு நான்தானமே சொல்லிக் குடுத்தேன். போயி கூடாரத்தப் பாத்தேன். எவ்ளோ சுத்தமா அமுக்கியிருந்தான் தெரியுமா? நான் சொல்லிக் குடுத்த மாரியே." முகிலைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட அழாத மனுஷன், வலையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். அத்தனை மாதமாக உன்னைத் திட்டிக்கொண்டிருந்தாரே, அதெல்லாம் தன்னைத்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

போன வெள்ளிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் மணலுக்குப் போனோம். ஆமாம், அதே இடத்துக்கு. அதே கேஸ் லைட்டைத்தான் கொண்டுபோனோம். ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்தது முதல் பரணில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. ஒருமுறை ஆற்றில் வீசத் தூக்கிக்கொண்டு கரை வரைக்கும் போனேன். பம்பைப் பிடித்ததும் உள்ளே இருக்கிற ஷூ நாக்கு ஞாபகம் வந்துவிட்டது. வீச முடியவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே எண்ணெய் ஊற்றித் துடைத்து வைத்தோம். உன் அப்பா கட்டிய முதல் மேண்டில் எரிந்ததுமே கை பட்டு உதிர்ந்துபோனது. இரண்டாவதை நான் கட்டினேன். எண்ணெய் காய்ந்துபோன அந்தத் தோல் வாஷர் முதலில் பிடிக்கவில்லை, கொஞ்சம் தடவிக் கொடுத்ததும் பிடித்துக்கொண்டது. மணலில் துடுப்பை நட்டு, விளக்கை அதில் மாட்டினோம். உன் நீலக் கூடாரத்தின் இரண்டு பக்கத்து ஜிப்பையும் முழுக்கத் திறந்து கட்டிவிட்டு உள்ளே படுத்தோம்.

கொசு பிடுங்கி எடுத்துவிட்டது. உன் அப்பா ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து எழுந்து விளக்கைப் பார்த்தார். வெளியே தொங்கியும் மேண்டில் உதிரவில்லை, அவ்வளவு காற்றிலும் கண்ணாடிக்குள் நின்று எரிந்தது. வெளிச்சம் கூடாரத்துக்குள் நன்றாகவே வந்தது. என் கை விரல் தெரிந்தது, அவர் முகம் தெரிந்தது. இவ்வளவுதானே, தேசப்பா. வெளியே மாட்டியிருந்தாலும் அவனுக்கு வெளிச்சம் வந்திருக்கும். நடுங்குகிறவனுக்கு இரண்டு போர்வையும் உன் சட்டையும் போதும், விடிந்திருக்கும். எத்தனை சின்ன விஷயம். நான் புடவையை வாயில் அடைத்துக்கொண்டு படுத்திருந்தேன். உன் அப்பா மெதுவாக, "கேக்குதா? திட்டிக்கினே கீதுமே" என்றார். "ஆமாய்யா, திட்டுது" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கு நான் ஒண்ணு சொன்னனே அவன, கொள்ளி வேணாம்னு. அத எடுத்துக்கறேன்னு எழுது. வரச் சொல்லு" என்றார். அதற்காகத்தான் மறுநாளே பேனாவை எடுத்தேன்.

இதைப் படிக்கிற ஊர்க்காரர்களே, மணலுக்குப் போகும் பிள்ளைகளே, ஆசையாகப் பழைய விளக்கைக் கொண்டுபோங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது அழகுதான். ஆனால் எரிகிற எதையும் கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். குளிர்கிறது என்று எந்த அம்மா போனில் எவ்வளவு கத்தினாலும் கொண்டுபோகாதீர்கள். புகை வரவில்லையே என்று ஏமாறாதீர்கள். உங்களுக்குச் சந்தேகம் வந்தால் அந்தச் சந்தேகத்தையே கேளுங்கள், அம்மாவை விட்டுவிடுங்கள். என் பிள்ளைக்குச் சந்தேகம் வந்தது. அவன் சொன்னதுதான் சரி. அவன் கொல்லவில்லை. அவன் அம்மா சொன்னதைக் கேட்டான், அப்பா சொல்லிக் கொடுத்த மாதிரியே செய்தான், அவ்வளவுதான். இனிமேல் அவனைப் பற்றி யாராவது பேசுவதாக இருந்தால், என் வீட்டு வாசலில் வந்து என் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். என் தொண்டை எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும்.

நைனா, நீ என்னை உன் முதுகுக்குப் பின்னால் நிறுத்தியது போதும். நான் வெளியே வந்துவிட்டேன், நீ கையைக் கீழே போடு. என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, நீ அப்போதே மன்னித்துவிட்டாய் என்பதுதான் என்னைக் கொல்கிறது. என்மேல் கோபப்பட்டு ஒருமுறையாவது என்னைத் திட்டு. வந்து, என் எதிரில் உட்கார்ந்து, "நீதானம்மா சொன்ன" என்று திட்டு. நான் கேட்டுக்கொள்கிறேன். எதிர்த்துப் பேச மாட்டேன்.

ஐப்பசியில் தம்பிக்கு வருஷம் வருகிறது. காலையில் வீட்டில் படையல் போட்டுவிட்டு, சாயங்காலம் நானும் உன் அப்பாவும் மணலுக்குப் போய்விடுவோம். இக்கரையில் கஜா படகோடு நிற்பான், நீ எத்தனை மணிக்கு வந்தாலும் கொண்டுவந்து விடுவான். மழை பெய்தாலும் நாங்கள் அங்கேதான் இருப்போம். கூடாரத்தின் இரண்டு பக்கமும் திறந்திருக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்க இடம் விட்டிருப்போம். நீ பயப்பட ஒன்றும் இல்லை. உன் அப்பாவும் நானும் மாறி மாறி விழித்திருப்போம். விளக்கு வெளியே இருக்கும். நீ உள்ளே வந்து படு.

அம்மா